கரோலா ப்ரெக்மன் தெரியாமல் ராஜாவான வருடம்

கரோலா ப்ரெக்மனுக்கு முப்பத்து நான்கு வயது நடந்த வசந்த காலத்தில், ஜெர்மனியின் வில்வித்தைப் பெண்கள் வரிசையில் அவருக்கு நான்காவது இடம். ஐரோப்பியப் போட்டிக்கு மூன்று பேரைத்தான் அனுப்புவார்கள். வாசல் வரை வந்து நிற்பது அவருக்குப் புதிதில்லை. இருபத்து மூன்று வயதில் தேசிய அணித் தேர்வு நெருங்கும் நேரத்தில் தோள்பட்டை மக்கர் செய்தது. இருபத்தெட்டு வயதில் எல்லாம் கூடி வந்து, கடைசிச் சுற்றில் ஓர் அம்பைப் பக்கத்து இலக்கில் விட்டார். நல்ல அம்பு. மஞ்சள் வட்டத்தின் நட்டநடுவில் நின்றது. ஆனால் அது பக்கத்துக்காரியின் மஞ்சள். அடுத்தவர் இலக்கில் எவ்வளவு அழகாகக் குத்தினாலும் சுழியம்தான். அவருடைய ஊரான ஹார்பெக்கில் அதை யாரும் மறக்கவில்லை. ஊரில் எவராவது வேறு வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டால், "கரோலா மாதிரி நிறுத்திட்டான்" என்பார்கள்.

அவருக்கு வேலை பேருந்து ஓட்டுவது. ஹார்பெக்கிலிருந்து காட்டு மலைகளைச் சுற்றிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போகும் வழித்தடம். காலை ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொள்வார். மதியத்துக்கு மேல் துப்பாக்கிச் சங்கத்தின் பின்புறப் புல்வெளியில் எழுபது மீட்டர் தூரத்துக்கு அம்பு விடலாம். மழை பெய்தால் தகரக் கொட்டகைக்குள் நின்றபடி வெளியே விடலாம். இலக்கு நனைந்தால் நனையட்டும். கணவர் யோர்க் வீட்டு ஹீட்டர்களைப் பழுதுபார்ப்பவர். வில்லைக் கையால் தொட்டதில்லை. தோழி ஊல்லா தபால் பட்டுவாடா செய்பவர். வாரக் கடைசியில் கரோலாவுக்குப் பின்னால் தொலைநோக்கியோடு நின்று அம்பு எங்கே விழுந்தது என்று சொல்வார். சொல்வதோடு நிறுத்த மாட்டார் என்பது வேறு விஷயம்.

ஹார்பெக்கில் சங்கம் என்றால் துப்பாக்கிதான். முந்நூறு பேர் இருக்கிற இடத்தில் வில் பிரிவில் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். ஒண்டிக்கொண்டிருக்கும் தூரத்துச் சொந்தம் போலத்தான் அவர்களை நடத்துவார்கள். மர அறுவை ஆலை வைத்திருக்கும் ஹைனர் கோர்டெஸ்தான் சங்கத் தலைவர். அம்புகளை அவர் பல்குத்தி என்பார். "பல்குத்தி ஆளுங்களுக்கு இந்த வருஷமும் புல் வெட்டிக் குடுத்திருக்கேன், நன்றி சொல்லுங்க" என்று கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பார். கெட்ட மனிதர் இல்லை. புல்லை அவரே வெட்டுவார்.

இவ்வளவையும் சொன்னது, முந்தைய வருட ஜூன் மாதம் நடந்ததைச் சொல்வதற்காக.

சங்கத் திருவிழா சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் நடக்கும். திங்கள் காலையில் உயரமான கம்பத்தின் மேல் ஒரு மரப் பறவையை வைத்துச் சுடுவார்கள். துப்பாக்கி தாங்கியில் பொருத்தியிருக்கும், திறமை பெரிதாக வேண்டாம். பறவையின் கடைசித் துண்டை யார் வீழ்த்துகிறாரோ அவர் அந்த வருடத்து ராஜா. ஆணானாலும் பெண்ணானாலும் பட்டம் ராஜாதான். வெள்ளிச் சங்கிலி, ஊர்வலம், நடன விருந்து, சுற்று வட்டார ஊர்த் திருவிழாக்களுக்கெல்லாம் பரிவாரத்தோடு போய் வருவது என்று ஒரு வருடம் முழுக்க ஆளை விடாது. பாதிரியார், மேயர், பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் காலையிலேயே ஆளுக்கொரு மரியாதைக் குண்டு போட்டுவிட்டு விலகிக்கொள்வார்கள். பறவை ஆடத் தொடங்கிய பிறகு, ராஜாவாக ஆசைப்படுகிறவரைத் தவிர வேறு ஒருவரும் துப்பாக்கிப் பக்கம் போவதில்லை. எங்கும் எழுதி வைத்த விதி இல்லை. ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விதி.

அந்த வருடம் ஆசைப்பட்டவர் கூரை வேலை செய்யும் ரைமுண்ட். விருந்து மண்டபம் பேசி முடித்தாகிவிட்டது. அவர் மனைவி மார்லீஸுக்குத் தரை தொடும் பச்சைப் பட்டு உடுப்பு தைத்து வந்தாகிவிட்டது. பறவையில் ஒரு சிறகின் அடிக்கட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஷிப்ட் முடிந்து, பேருந்து ஓட்டுநர் சட்டையோடு கரோலா வந்து சேர்ந்தார். வில் பிரிவுக்குத் தலைவர் அவர்தான்.

"நான் இன்னும் மரியாதைக் குண்டு போடலையே. லேட்டாயிடுச்சா?"

"போட்டுட்டுப் போ" என்றார் ரைமுண்ட். மூன்று பியரும் ராஜ களையும் சேர்ந்து அவரைத் தாராள மனசுக்காரராக ஆக்கியிருந்தன.

"பறவை ஆடுதே, ரைமுண்ட்."

"ரெண்டு மணி நேரமா ஆடுது. நான் போட்டே விழல, நீ போட்டா விழப் போகுது. சும்மா போடு. பல்குத்திக்காரங்க வரலன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது பாரு."

வேறு யாராயிருந்தாலும் வானத்தைப் பார்த்துச் சுட்டிருப்பார்கள். கரோலாவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பதினொரு வயதிலிருந்து எதையும் குறி வைக்காமல் விட்டதில்லை. கட்டையைக் கம்பத்தோடு பிடித்திருந்த திருகாணி அவர் கண்ணில் பட்டது. அங்கே சுட்டார். கட்டை புல்லில் வந்து விழுந்தது.

பறவை விழுந்தால் வாத்தியம் வாசிக்க வேண்டும் என்பது வாத்தியக்காரர்களுக்கு வழங்கியிருந்த கட்டளை. யார் சுட்டார் என்று அவர்கள் பார்க்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு முழங்கத் தொடங்கினார்கள். ரைமுண்ட் கையில் குவளையோடு கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரோலா ஓர் ஓரமாகப் போய்க் கணவரைக் கூப்பிட்டார். அவர் யாருடைய வீட்டு நிலவறையிலோ கொதிகலனுக்குக் கீழே படுத்திருந்தார்.

"யோர்க், நான் ராஜா ஆயிட்டேன்."

"எதுக்கு?"

"தெரியாம."

"திருப்பிக் குடுத்துட முடியாதா?"

"கேட்டுப் பாத்தேன். முடியாதாம்."

அன்று மாலையே யோர்க்குக்கு ராணி என்று பெயர் விழுந்துவிட்டது. ஹீட்டர் கெட்டுப்போன வீடுகளில் கூட, "ராணியை அனுப்பி வைங்க" என்று கடைக்குப் போன் செய்தார்கள். பேருந்தில் ஏறுகிறவர்கள் கரோலாவுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார்கள். "ராஜாவே, ரதம் அஞ்சு நிமிஷம் தாமதம்" என்பார்கள். அவர் கடமைகளில் குறை வைக்கவில்லை. பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் சங்கிலியோடு நடந்தார். விருந்தில் ஆடினார். யோர்க் இரண்டு பேர் காலை மிதித்தார், அவ்வளவுதான். சங்கிலி தோளை இழுத்ததால், அடுத்த நாள் வில்லை இழுக்கும்போது வலது தோளில் ஒரு பிடிப்பு இருக்கும். அதை ஊல்லாவிடம் மட்டும் சொன்னார்.

ஜனவரியில் தேசியச் சங்கத்தின் தேதிகள் வந்தன. தேர்வு மூன்று சுற்றுகள்: ஏப்ரலில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று, கடைசி ஜூன் இறுதியில், தெற்கே தொலைவில் பவேரியாவில், சனியும் ஞாயிறும். ஹார்பெக் திருவிழாவும் அதே சனி, அதே ஞாயிறு. ஞாயிறு மூன்று மணிக்கு ராஜா ஊர்வலம்.

அவர் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. முதல் இரண்டு சுற்றில் பத்தாவதாக வந்தால் பேச்சே எழப் போவதில்லை, எதற்கு வீணாக ஊரைக் கலைப்பது என்று நினைத்தார். ஆனால் ஏப்ரலில் ஐந்தாவதாக வந்தார். மே மாதம் முடிந்தபோது மொத்தக் கணக்கில் நான்காவது. மூன்றாவது இடத்தில் இருந்தவருக்கும் இவருக்கும் இடையே அதிக தூரம் இல்லை. அடுத்த தேர்வுக்கு இரண்டு வருடம் ஆகும். அதற்குள் தோள் எப்படி இருக்குமோ என்பது அவருக்கே நிச்சயமில்லை. இதுதான் கடைசி என்று வீட்டில் சொன்னார்.

மே மாதக் கடைசியில் மர ஆலைக்குப் போய் ஹைனரிடம் சொன்னார். அவர் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் காதிலிருந்த அடைப்பானைக் கழற்றினார்.

"இன்னொரு தடவை சொல்லு."

இன்னொரு தடவை சொன்னார்.

"ராஜா இல்லாம ஊர்வலம். ஹார்பெக்ல." ஹைனர் ஒரு பலகையின் மேல் உட்கார்ந்தார். "ஜனவரியிலயே உனக்குத் தெரியும்."

"தெரியும். நாலாவது வருவேன்னு தெரியாது."

"சரி, விடு. காய்ச்சல்னு சொல்லு. ராஜாவுக்கு உடம்பு முடியலன்னா பதிலுக்கு அவரோட துணை நடக்கலாம், சட்டத்துல இருக்கு. ஒரே வார்த்தை, காய்ச்சல். மீதிய நான் பாத்துக்கறேன்."

"நான் எத்தனை புள்ளி எடுத்தேன்னு ஊரே போன்ல பாத்துட்டிருக்கும், ஹைனர். நூத்துமூணு டிகிரி காய்ச்சல்ல பவேரியாவுல போயா அம்பு விட்டேன்?"

ஹைனர் கொஞ்ச நேரம் மரத்தூளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். "அப்போ கூட்டத்துல வச்சுத்தான் பேசணும்" என்றார்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் பேருந்தில் யாரும் குனிந்து வணக்கம் வைக்கவில்லை. சீட்டுக்கு மட்டும் கையை நீட்டினார்கள். ஒரு மூதாட்டி, பேருந்து முழுக்கக் கேட்கும்படி பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னார்: "வேண்டாதவ எதுக்குச் சுடணும்? எங்க மச்சான் ராஜாவா இருந்தப்போ கால்ல கட்டோட நடந்தார்." கரோலா கண்ணாடியில் அவரைப் பார்த்தார். வளைவு வந்தது, ஓட்டினார்.

சங்க அறையில் கூட்டம் நடந்தது. குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்: ராஜாவுக்காகத்தான் ஊர்வலம், ஊர்வலத்துக்காக ராஜா இல்லை, அல்லது அதற்கு நேர்மாறாக. கரோலா எழுந்து, "நான் போறேன். நீங்க அனுமதி குடுத்தா நல்லது. குடுக்கலன்னா சங்கிலியை இப்பவே கழட்டி வச்சுடறேன். பொய் மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பட்டத்தைக் கழற்றி வைப்பது என்பதை அந்த அறையில் யாரும் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை. எல்லோரும் ஹைனரைப் பார்த்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ரைமுண்ட் பேசினார்.

"போன வருஷம் இவளை முன்னால விட்டது யாரு? நான்தான். வானத்துல சுடும்மான்னு சொல்லியிருக்கணும், சொல்லல. என் முட்டாள்தனத்துக்கு இவ ஏன் வீட்ல உக்காரணும்?"

"அப்போ ஊர்வலத்துல யாரு நடக்கறது?" என்றார் ஹைனர்.

"ராணி இருக்கானே."

அறை சிரித்தது. யோர்க் அங்கே இல்லை, நல்லவேளை. சிரித்த பிறகு முடியாது என்று சொல்வது கஷ்டம். ஹைனர் கைகளை உயர்த்தச் சொன்னார், எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. "ஜெயிச்சாலும் தோத்தாலும் திங்கக்கிழமை காலையில நீ இங்க இருக்கணும். சங்கிலிய நீதான் இறக்கி வைக்கணும், வேற யாரும் இல்ல" என்றார்.

பவேரியாவில் சனிக்கிழமை எழுபத்திரண்டு அம்புகள். ஊல்லா விடுமுறை போட்டுவிட்டு வந்திருந்தார். காற்று இடமிருந்து அடித்தது, நின்றது, மீண்டும் அடித்தது. முதல் பாதியில் கரோலாவின் அம்புகள் மஞ்சளைத் தாண்டிச் சிவப்பில் போய் உட்கார்ந்தன. ஒவ்வொரு இடைவேளையிலும் போனை எடுத்துப் பார்த்தார். ஹார்பெக்கில் கூடாரம் கட்டி முடிந்த படம், பியர் பீப்பாய் திறந்த படம், எல்லாவற்றிலும் ஹைனரின் முகம்.

"உடம்பு இங்க இருக்கு, தலை கூடாரத்துல இருக்கு" என்றார் ஊல்லா. "குடு இப்படி." போனை வாங்கித் தன் தபால் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை கணக்குப் பார்த்தபோது கரோலா ஆறாவது இடத்தில் இருந்தார். ஞாயிறு ஒருவருக்கு ஒருவர் மோதல். அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஜெயித்தால்தான் மீள முடியும்.

ஞாயிறு காலை விடுதிச் சாப்பாட்டு அறையில் ஊல்லாவின் பை ஒலித்தது. யோர்க்.

"பேசிட்டு உடனே குடு" என்றார் ஊல்லா.

"கரோலா, சங்கிலி கோட்டுக்கு உள்ளயா, வெளியவா?"

"வெளிய. உள்ள போட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். கழுத்து ஒடியுது. நீ இத எப்படி ஒரு வருஷம் சுமந்த?"

"முதுகை நேரா வச்சுக்க."

"ஹைனர் வந்துட்டுப் போனார். குதிரை வண்டியில நான் தனியா உக்காரக் கூடாதாம். ஒரு பக்கம் காலியா இருந்தா போட்டோவுல நல்லா இருக்காதாம். அதனால பக்கத்துல ஒருத்தர உக்கார வைக்கறாங்க."

"யாரை?"

"மார்லீஸ். அந்தப் பச்சை உடுப்போட. ரைமுண்ட் வண்டிக்கு முன்னால குதிரையைப் பிடிச்சுட்டு நடக்கறானாம்."

கரோலா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நிறுத்த முடியவில்லை. பக்கத்து மேசையில் பெர்லின் விளையாட்டுப் பள்ளியிலிருந்து வந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யோர்க் மறுமுனையில், "இதுல சிரிக்க என்ன இருக்கு, எனக்கு வேர்க்குது" என்றார்.

அன்று அவர் அம்புகள் நன்றாகப் போயின. அதற்குக் காரணம் கேட்டால் காற்று குறைந்தது என்பார் கரோலா. காற்று எல்லோருக்கும்தான் குறைந்தது. மதியத்துக்குள் ஒரே ஒரு மோதலில் மட்டும் தோற்றிருந்தார். அணியில் இரண்டு இடங்கள் முடிவாகிவிட்டன. மூன்றாவது இடம் கரோலாவுக்கா, ஃபிலிப்பா என்ற பத்தொன்பது வயதுப் பெர்லின் பெண்ணுக்கா என்பது கடைசி மோதலில் தெரியும். அது தொடங்கியபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஹார்பெக்கில் குதிரை வண்டி கிளம்பியிருக்கும்.

"நம்ம இலக்கு எது?" என்று கேட்டார் ஊல்லா.

"மூணாவது."

"இன்னொரு தடவை சொல்லு."

"மூணாவது, ஊல்லா."

"சரி. அதுலயே விடு."

செட்டுக்கு ஆளுக்கு மூன்று அம்புகள். செட்டை ஜெயித்தால் இரண்டு புள்ளி, சமம் என்றால் ஒன்று. முதலில் ஆறு எடுப்பவருக்கு வெற்றி. ஃபிலிப்பா வேகக்காரி. வில்லை உயர்த்தியதும் விட்டுவிடுவாள். கரோலா நிதானக்காரர். முதல் செட் ஃபிலிப்பாவுக்கு. அடுத்தது சமம். அதற்கடுத்தது கரோலாவுக்கு, நான்காவது மீண்டும் சமம். நான்குக்கு நான்கு என்று நின்றது. ஐந்தாவது செட்டில் ஃபிலிப்பா தன் மூன்று அம்புகளையும் விட்டு முடித்து, கோட்டிலிருந்து பின்னால் போய் நின்றுகொண்டாள். கரோலா கையில் ஓர் அம்பு. ஒன்பது எடுத்தால் போதும். எட்டு என்றால் சமம். ஆளுக்கு ஓர் அம்பு விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

நாணை இழுத்தார். வில்லில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். அம்பு முழுக்க உள்ளே வந்ததும் அது 'டிக்' என்று தட்டும், அப்போதுதான் விட வேண்டும். தட்டவில்லை. தோள் மறுத்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். தட்டவில்லை. வில்லை இறக்கினார்.

பின்னால் கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளிழுத்தது கேட்டது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஊல்லா, எப்போதும் வாய் மூடாத ஊல்லா, ஒரு சொல்லும் சொல்லவில்லை. கரோலா காலை நகர்த்தவில்லை. தலையை மட்டும் ஒரு முறை தாழ்த்தி, மறுபடி வில்லை உயர்த்தினார். கையால் இழுப்பதை விட்டு, முதுகால் இழுத்தார். டிக்.

ஊல்லா தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது இலக்குதான்" என்றார். "ஒன்பது."

ஃபிலிப்பா வந்து கை கொடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்க இறக்கினப்போ நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் கரோலா.

திங்கள் காலை எட்டு மணிக்குச் சங்கக் கூடாரத்தில் ஹைனர் சங்கிலியை வைத்துக்கொண்டு நின்றார். முந்தைய நாளின் புழுதி இன்னும் அவர் தொப்பியில் இருந்தது. கரோலா சீருடைக் கோட்டோடு வந்தார், கண்கள் சிவந்திருந்தன. விரலில் நாண் அறுத்த இடத்தில் பிளாஸ்திரி. ஹைனருக்கு முடிவு தெரியும். ஊருக்கே தெரியும். வண்டி தேவாலயத்தைத் தாண்டியபோது வாத்தியக்காரர்களில் ஒருவர் போனைப் பார்த்துவிட்டுத் தாளத்தைத் தவறவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். ஆனாலும் ஹைனர் கேட்டார்.

"எத்தனாவது?"

"மூணாவது."

"மூணாவது போதுமா?"

"போதும்."

"எப்போ போகணும்?"

"ஆகஸ்ட் கடைசியில."

"அந்த நேரத்துல நீ ராஜா இல்ல."

"இல்ல."

"நல்லது." சங்கிலியைக் கரோலாவின் தோள்மேல் சரியாக வைத்துக் கொக்கியை மாட்டினார். கூடாரத்துக்கு வெளியே ஆட்கள் வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஹைனர் நகராமல் நின்றார். "அங்க சட்டையில பேர் போடுவாங்களா?"

"போடுவாங்க. முதுகுல. பேரும் நாட்டுப் பேரும்."

"ஊர் பேரு?"

"போட மாட்டாங்க, ஹைனர்."

"கேட்டுப் பாத்தியா?"

"கேக்கல."

"கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவே?" என்றபடி ஹைனர் கூடாரத் துணியை விலக்கிப் பிடித்தார். கரோலா முன்னால் நடந்தார். பாதிரியார் போட்ட குண்டுக்குப் பிறகு கரோலா சங்கிலியை இறக்கி மேசைமேல் வைத்தார். பதினொரு மணிக்குப் பறவையை வீழ்த்தியது தீயணைப்புப் படையைச் சேர்ந்த ஒருவர், வேண்டும் என்றே.

ஆகஸ்ட் கடைசியில் ஐரோப்பியப் போட்டியில் கரோலா ப்ரெக்மன் தனிப் பிரிவின் இரண்டாம் சுற்றில் ஓர் இத்தாலியப் பெண்ணிடம் தோற்றார். மூவர் அணியாக ஆடியதில் ஐந்தாம் இடம் கிடைத்தது. தேசிய அணிச் சட்டையை அவர் அணிந்தது அந்த ஒரு வாரம்தான். சட்டையின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்குக் கீழே, போகும் முன் ஊல்லா நீல நூலால் ஹார்பெக் என்று தைத்துக் கொடுத்திருந்தார். அதை நடுவர்கள் யாரும் பார்க்கவில்லை. செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து கரோலாவுக்கு மீண்டும் காலை ஷிப்ட்.